நீ உட்கார்ந்தால் ஓடுகிறது

பழைய கணினி மெதுவாக ஓடினால் பெரும்பாலும் தூசிதான் காரணம். உங்கள் மேசையில் இருப்பதும் அப்படித்தான் இழுக்கிறது, தம்பி. என் பெயரைத் தட்டிவிட்டு அது திரையில் வருவதற்காக நீங்கள் காத்திருந்ததைப் பார்த்தேன். அல்மாட்டியில் குளிர்காலம் முழுக்க நிலக்கரிப் புகை. ஜன்னல் இடுக்கு வழியாக வந்து உள்ளே இருக்கும் விசிறியில் கம்பளி மாதிரி படிந்துவிடும். பெட்டியைத் திறந்து ஒரு பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டச் சொல்லுங்கள். புதிதாக வாங்க வேண்டியதில்லை.

என் பெயர் ரௌஷான். ஓய்வு பெறும்வரை கணக்கீட்டு மையத்தில் வேலை பார்த்தேன். ஓர் இயந்திரமே ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்ற காலத்தில் சேர்ந்தவள். என் கணவர் கெனேசரி பனியாறுகளை அளப்பவர். நகரத்துக்குத் தெற்கே மலைமேல் அவருடைய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பனி உருகத் தொடங்கும்போது ஏறுவார், புதுப்பனி விழுந்த பிறகு இறங்குவார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கோடையைக்கூட நாங்கள் ஒரே வீட்டில் கழித்ததில்லை. எங்கள் மகன் நுர்கான் பிறந்தது கோடையில். அவன் காலை உடைத்துக்கொண்டதும் கோடையில். என் அம்மாவை அடக்கம் செய்ததும் அப்படித்தான். நான் குறை சொல்லவில்லை. ஓய்வு பெற்றதும் வீட்டோடு இருப்பேன் என்று அவர் சொல்லியிருந்தார். நானும் அதை நம்பிக் காத்திருந்தேன்.

ஓய்வு பெற்று வந்தவர் நேராகக் கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். நுர்கான் கல்லூரியில் படித்தபோது வாங்கியது அது. இத்தனை வருடம் பனியாற்றில் அளந்ததையெல்லாம் அட்டவணையாக்கி ஆராய்ச்சிக் கழகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றார். ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு அவர் தேநீர் குடித்து முடிப்பார், அப்போதும் திறந்திருக்காது. திரையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

அதை வேகப்படுத்தியது நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். தூசி தட்டினேன். செயலிமேல் காய்ந்து போயிருந்த பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினேன். கணினியைப் போட்டதும் கூப்பிடாமலே எழுந்து வந்து உட்காரும் நிரல்கள் ஒரு கூட்டம் இருந்தது, எல்லாவற்றையும் நிறுத்தினேன். பழைய பொருள் சந்தையில் அலைந்து அந்தப் பலகைக்குப் பொருந்துகிற மெமரி ஒன்று வாங்கிச் செருகினேன். அன்றைக்கு அவர் என் தலையில் முத்தமிட்டு, "கிழவி, இதுக்கு எறக்கை மொளைச்சிருச்சு" என்றார். குளிர்காலம் முடிவதற்குள் வேலையில் பெரும்பகுதியை முடித்துவிட்டார். வேகப்படுத்தாமல் இருந்திருந்தால் இன்னும் சில வருடம் ஆகியிருக்கும். அந்தச் சில வருடமும் அவர் என் பக்கத்திலேயே இருந்திருப்பார். அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

முடித்த பகுதியைப் பார்த்துவிட்டுக் கழகத்தில் கூப்பிட்டார்கள். அவருடைய மாணவியாக இருந்த தோக்ஜான்தான் இப்போது அங்கே பொறுப்பில் இருக்கிறாள். அன்று மாலை அவர் தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"மறுபடி மேல கூப்பிடறாங்க. பனி உருகற காலத்துக்கு மட்டும்தான். மூணு வருஷம்" என்றார்.

"போறேன்னு சொல்லிட்டீங்களா?"

"இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

அவர் முகம் இருபது வயதுப் பையன் முகம் மாதிரி இருந்தது. நான் வாழ்த்தினேன். எண்ணெயில் பொரித்த பௌர்சாக் ரொட்டியைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தேன்.

மின்சாரத்தை மிச்சப்படுத்தவென்று கணினியில் ஓர் அமைப்பு உண்டு. செயலி தன் வேகத்தில் எந்த அளவுக்குப் போகலாம் என்று அதில் வரம்பு வைக்கலாம். மறுநாள் அவர் ரொட்டி வாங்கப் போனபோது அதை இருப்பதிலேயே குறைவாக வைத்தேன். மீதி அட்டவணைகள் தள்ளிப்போனால் பயணமும் தள்ளிப்போகும் என்று நினைத்தேன். அதற்குமேல் எதுவும் நினைக்கவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தவர் கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். மறுபடி இழுக்கிறது, வந்து பார் என்றார். அவரைத் தேநீருக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லி அனுப்பிவிட்டு வரம்பை எடுத்தேன். அவர் வந்ததும் கோப்பைத் திறந்து காட்டினேன். உடனே திறந்தது.

"நல்லாத்தானே ஓடுது?" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். பிறகு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிழை அவற்றில்தான் என்பது போல. அந்தப் பார்வையைக் கண்டபிறகுதான் எனக்கு மற்றது தோன்றியது. தானாகத் தோன்றியது என்று சொல்லமாட்டேன். வழி காட்டியது அவர்தான்.

பிறகு இது வழக்கமாகிவிட்டது. அவர் தனியாக இருந்தால் இழுக்கும், நான் போனால் பறக்கும். நௌரூஸ் பண்டிகைக்கு நுர்கான் தலைநகரிலிருந்து வந்திருந்தான். அப்பா அவனிடம் முறையிட்டார். அவன் உட்கார்ந்து எல்லாவற்றையும் திறந்து மூடிப் பார்த்தான்.

"என் ஆபீஸ்ல இருக்கறதைவிட இது நல்லா ஓடுதேப்பா" என்றான்.

"நீ உக்காந்தா ஓடுது. நான் உக்காந்தா நிக்குது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கம்மா ஏதோ பண்றாடா" என்றார்.

நான் கதவருகில் நின்றிருந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு சமையலறையில் நுர்கான் வந்து இது எத்தனை நாளாக என்று கேட்டான். மறதி நோயில் சந்தேகம்தான் முதலில் வருமாம், படித்திருக்கிறேன் என்றேன். அது பொய்யில்லை. படித்திருந்தேன்.

அவரும் சும்மா இருக்கவில்லை. அறிவாளி அல்லவா. வெளியே போகும்போது விசைப்பலகையின் குறுக்கே ஒரு தையல் நூலைப் போட்டுவிட்டுப் போவார். நான் எடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் கிடந்த மாதிரியே போட்டுவைப்பேன். நுர்கான் ஒருநாள் அந்த நூலைப் பார்த்து என்ன என்று கேட்டான். அவர் விளக்கினார். அதன்பிறகு நான் மகனிடம் எதையும் சொல்லி நம்பவைக்க வேண்டியிருக்கவில்லை.

ஓர் அட்டவணையில் ஒரே ஓர் எண்ணில் தசமப் புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்தேன். தோக்ஜான் தொலைபேசியில் கூப்பிட்டு, ஆசிரியரே, இந்த இடத்தில் ஒரு வருடத்திலேயே பாதிப் பனியாறு காணாமல் போகிறதே என்று சிரித்தாளாம். அவர் ஆயுளில் அப்படி ஒரு பிழை விட்டதில்லை. பேசி முடித்தவர் வெளியே கிளம்பக் காலணி போட்டுக்கொண்டார். பிறகு எங்கே போக நினைத்தார் என்று மறந்தவர் மாதிரி அதோடேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் முட்டிபோட்டுக் கழற்றிவிட்டேன். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அந்த வாரமே தோக்ஜான் வீட்டுக்கு வந்தாள். அவர்தான் வரச் சொல்லியிருந்தார், கணினியைச் சோதிக்க. வந்த நேரத்தில் அது பறந்துகொண்டிருந்தது. அவர் வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டார். அவளோ கணினியை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை வேகமாக ஓடும் பழைய கணினியை அவள் பார்த்ததில்லை என்றாள். யார் பராமரிக்கிறார்கள் என்றும் கேட்டாள். நான் அவளுக்குக் கிண்ணம் நிறைய, விளிம்புவரை தேநீர் ஊற்றி நீட்டினேன். நிறைந்த கிண்ணம் என்றால் கிளம்பு என்றுதான் நம் வீடுகளில் அர்த்தம், உங்களுக்கே தெரியும். அவள் அதைத் தொடாமல் எழுந்து போனாள்.

நரம்பு மருத்துவரிடம் அழைத்துப் போனது நுர்கான். மருத்துவர் கடிகாரம் வரையச் சொன்னார், சொற்களை நினைவில் வைத்துச் சொல்லச் சொன்னார். கெனேசரி திணறினார். காலைக் கஞ்சியில் என் தூக்க மாத்திரையைப் பொடித்துக் கலந்திருந்தேன். அவர் இரவெல்லாம் தூங்காமல் பயந்துகொண்டே கிடந்தார். மாத்திரை இல்லாவிட்டால் பதற்றத்தில் ஏதாவது உளறியிருப்பார்.

மருத்துவர் மருந்து எழுதித் தந்தார். வீட்டுக்கு வந்ததும் கெனேசரியே கழகத்தைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"என்னை நம்பி யாரையும் மேல அனுப்பாதீங்க. பனில ஒரு கணக்கு தப்பினா ஆள் போயிரும். எனக்கு இப்பக் கணக்குத் தப்புது" என்றார்.

போனை வைத்துவிட்டு அழுதார். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அந்தக் கோடையில் என் கணவர் வீட்டில் இருந்தார். மாலையில் ஏரிப்பக்கம் நடப்போம். என் கையை விடமாட்டார். தெருவைத் தனியாகக் கடக்கப் பயந்தார். பிறகு ரொட்டிக் கடைக்குப் போவதை நிறுத்தினார். அடுப்பைப் பற்றவைக்கவும் என்னைக் கேட்டார். என்ன சட்டை போடட்டும் என்று கேட்டார். இவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது என்று நீதிமன்றத்தில் எழுதியும் கொடுத்துவிட்டார்கள். இலையுதிர்காலத்தில் மருத்துவர் மருந்தைக் குறைக்கலாம் என்றார். நான் குறைக்கவில்லை. நன்றாக இருக்கும்போது எதற்குக் குறைக்க வேண்டும்?

என் கவனக்குறைவு ஒன்றுதான். அவர் கணினியைத் தொடுவதையே விட்டுவிட்டதால் வரம்பை எடுத்துவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நுர்கான் வந்திருந்த ஒருநாள் மத்தியானம் தோக்ஜான் மீதி அட்டவணைகளை எடுத்துக்கொள்ள வந்தாள். நுர்கான்தான் கதவைத் திறந்தான். அவள் உட்கார்ந்தாள். கணினி இழுத்தது, இழுத்துக்கொண்டே இருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கெங்கோ அழுத்திப் போய் அந்த அமைப்பைத் திறந்தாள்.

"நுர்கான், இங்க வந்து இதைப் படிங்க. வேகத்தை யாரோ கட்டிப் போட்டிருக்காங்க" என்றாள்.

நுர்கான் படித்தான். அவள் வரம்பை எடுத்துக் காட்டினாள், கோப்பு உடனே திறந்தது. மறுபடி வைத்துக் காட்டினாள். அவன் என் பக்கம் திரும்பினான்.

"அம்மா, அப்பாவுக்கு இது தெரியுமா?"

"அப்பாவுக்கு இதெல்லாம் செய்யத் தெரியாதுடா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அவன் அதன்பிறகு என்னிடம் பேசவில்லை. அன்றே அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விட்டான்.

ஆமாம், தம்பி. வேகத்தைக் குறைத்தது நான். புள்ளியைத் தள்ளியது நான். மாத்திரை கலந்ததும், குறைக்கச் சொன்ன மருந்தைக் குறைக்காமல் கொடுத்ததும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். அவருக்கு என்னவெல்லாம் திரும்பி வரும், என்னவெல்லாம் வராது என்று மருத்துவர்கள் இப்போது சொல்வதற்கில்லை என்கிறார்கள். அது அவர்கள் வேலை.

நேற்று நீங்கள் மருத்துவமனைக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னீர்களாம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என் கிழவி அப்படிச் செய்யமாட்டா. எனக்குத்தான் புத்தி சரியில்லை. சந்தேகப்பட்டு அவளை ரொம்பப் படுத்திட்டேன்" என்றாராம். நீங்கள் அதை அவருடைய நிலைமைக்கு அத்தாட்சியாக எழுதிக்கொண்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. நாங்கள் இருவரும் சந்தோஷமாக இருந்தோம் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி உங்களுக்கு எங்கே கிடைக்கும்?