பாவ்ஜூவின் பெட்டியும் ஏழாவது பொட்டலமும்

“ஹலோ... லியாவ் அண்ணே, நான்தான். உக்காந்திருக்கீங்களா?... உக்காந்துக்குங்க. அப்புறம் கீழ விழுந்தா நான் பொறுப்பில்ல. கட்டிட்டேன்... கம்ப்யூட்டரைத்தான். நானே. மொத்தம் முப்பத்தேழு நிமிஷம். ஸ்க்ரூடிரைவரை விரலால தொடல, நூடுல்ஸ் எடுக்கற குச்சி ரெண்டு போதும்னுட்டேன். கம்ப்யூட்டர் சாமான் விக்கற குவாங்ஹுவா சந்தையில ஆறு மாடியும் கடையைச் சாத்திட்டு வந்து என்னை வழியனுப்புச்சு. ரெண்டு பேரு அழுதாங்க...”

உண்மையில் ஒன்றரை நாள் ஆயிற்று. ஸ்க்ரூடிரைவர் மூன்று. குச்சி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிஜம் உண்டு: மதர்போர்டுக்கு அடியில் உருண்டுபோன ஒரு ஸ்க்ரூவை அவள் குச்சியால்தான் கவ்வி எடுத்தாள். மற்றதெல்லாம் பாவ்ஜூ கணக்கு. பின்ஜியாங் சந்தையில் முப்பத்தைந்து வருடம் அன்னாசி விற்றவள். ஒரு பழத்தைத் தள்ளிவிட ஒரு தோப்பையே பேச்சில் நட்டுவிடுவாள். அறுபத்தெட்டு வயதில் வியாபாரத்தை விட்டாள், பழக்கத்தை விடவில்லை.

“...சிரிக்காதீங்க... ஆமா... ஆமா, நானேதான். மருமகன் கை படல, கடைக்காரன் கை படல. ஒவ்வொண்ணா கேளுங்க, சொல்றேன்... பிராசசரா? நடுத்தரம். உச்சாணிக் கொம்புல இருக்கறதை வாங்கினா அதுக்குத் தீனி போட்டு மாளாது... கிராபிக்ஸ் கார்டுக்கு, கடைக்காரன் மூணு ஃபேன் வெச்சதைத்தான் முதல்ல எடுத்து நீட்டினான். என் முழங்கைக்கு மேல நீளம். ‘ஏம்ப்பா, இது பெட்டிக்குள்ள கால் நீட்டிப் படுக்குமா, மடக்கிப் படுக்குமா’ன்னு கேட்டேன். முழிச்சான். அப்புறம் தானா ரெண்டு ஃபேனுக்கு இறங்கி வந்தான்... ராம் ரெண்டும் ரெட்டைப் பிள்ளை. புத்தகத்துல போட்டபடி ஒரு இடம் விட்டு ஒரு இடம் உக்கார வெச்சிருக்கேன்... தெரியும், பவர் சப்ளையிலதான் பிடிப்பீங்கன்னு தெரியும். பதினாலு கடையில தூக்கிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். அன்னாசி மாதிரிதான் அண்ணே அதுவும், கையில கனக்கலைன்னா உள்ள வெறும் காத்து... வாட்டா? அறுநூத்தம்பது... போதும். எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தேன், ஒன்பது தடவை... சரி, ரெண்டு தடவை.”

பாவ்ஜூ நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

அவள் கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்றுதான். வெள்ளைக்கொக்கு அணியில் ஐந்து பேர். ஐவருக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது. பேட்டை முதியோர் மன்றத்துக் கம்ப்யூட்டர்களில் கோட்டை பிடிக்கும் ஆட்டம் ஆடி வந்தார்கள். மே மாத மழையில் மன்றத்துக் கூரை ஒழுகி எல்லாம் நனைந்துவிட்டன. தலைவர் லியாவ் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: யார் வீட்டில் சொந்தமாக ஓடும் கம்ப்யூட்டர் இருக்கிறதோ அவர்களுக்கே அணியில் இடம். இன்று மூன்று மணிக்குத் தைச்சுங் நகரத்து அணியோடு போட்டி. பாவ்ஜூவின் இடத்துக்கு ஃபாங் வீட்டம்மா, மகன் வாங்கித் தந்த புத்தம் புது இயந்திரத்தோடு காத்திருக்கிறாள். இப்போது மணி இரண்டேகால்.

“...பெட்டி கொய்யாப்பழப் பச்சை. சின்னதுதான். ஆனா மேல்தட்டு நல்ல சமம், பொட்டலம் வெச்சா சரியாது... பின்ன, அதைப் பார்க்காமலா? அதுக்காகத்தானே அந்தப் பெட்டியையே எடுத்தேன். கடைக்காரன் மேல்தட்டைப் பத்தி என்னமோ சொன்னான், நான் அப்ப விலை பேசிக்கிட்டிருந்தேன்... பச்சைதான் அண்ணே. மஞ்சள் வைக்க நான் பைத்தியமா?... தேதி பார்த்தேன், அடுத்த மார்ச் வரைக்கும் இருக்கு... ஆறு... ஆமா, ஆறு. ஒண்ணு வெச்சா சமத்தா இருக்கும்னா, ஆறு வெச்சா சாமியாராவே ஆயிடணும்ல.”

தேங்காய் வாசனைச் சோளப்பொரிப் பொட்டலம் அது. பாங்கு இயந்திரமோ, ஆஸ்பத்திரிக் கருவியோ, தலைமேல் ஒரு பச்சைப் பொட்டலம் உட்கார்ந்திருந்தால்தான் அடம் பிடிக்காமல் ஓடும் என்பது அந்த ஊர் நம்பிக்கை; மஞ்சள் வைத்தால் நின்றுவிடும். பிரிக்கக் கூடாது, கெடு தேதி தாண்டக் கூடாது. லியாவ் முப்பது வருடம் ரயில் சிக்னல் அறையில் இருந்தவர். கால அட்டவணையைக்கூடச் சந்தேகப்பட்டிருக்கிறார், பச்சைப் பொட்டலத்தைச் சந்தேகப்பட்டதில்லை. பாவ்ஜூவோ மூன்று மூன்றாக இரண்டு வரிசை அடுக்கி, காற்றில் பறக்காமல் டேப்பும் ஒட்டியிருந்தாள்.

“...பத்து நிமிஷமா? பத்து நிமிஷம் பயிற்சிக் களத்துல நிக்கணும், அவ்வளவுதானே? பத்து நாள் நிக்கறேன்... இதோ, வந்துட்டேன். திரையில பேரு தெரியுதா?... அந்த மருத்துவச்சி பொம்மை நான்தான், பச்சை முக்காடு... ஆங். இப்ப நம்பறீங்களா?... ஃபாங் வீட்டுல இருந்து உள்ள வந்திருக்கேனா? அண்ணே, வாய் அழுகிடும். நிமிஷத்தை எண்ணுங்க.”

காலையில் ஆட்டத்தை இறக்கி வைக்கும்வரை பெட்டி நல்ல பிள்ளையாக முனகிக்கொண்டிருந்தது. இப்போது முனகல் ஏறியது. பிறகு ஊளையாயிற்று. நாலாவது நிமிடம் திரை கறுத்து, ஊளை அடங்கி, அறையே காது செவிடானதுபோல் ஆயிற்று.

“...ஹலோ... ஆமா, காணாம போயிட்டேன். கரண்ட் போச்சு அண்ணே... உங்களுக்கு இருக்கா? ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கீங்க, எங்க தெருவுக்கு மட்டும் போயிருக்கும்... டி.வி. சத்தமா? அது... பக்கத்து வீடு. அவங்க வேற லைன்... வந்துடுச்சு, வந்துடுச்சு. திரும்ப எண்ணுங்க... வீடியோவா? வேண்டாம், முகம் பூரா வெள்ளரிக்காய் ஒட்டியிருக்கேன்.”

இரண்டாவது தடவை மூன்றே நிமிடம். பாவ்ஜூ மேசைக்கு அடியில் நுழைந்து ஒவ்வொரு வயரையும் அழுத்திப் பார்த்தாள். எல்லாம் பல் கடித்ததுபோல் இறுக்கமாக இருந்தன. செல்போன் தரையில் கிடந்து கத்திக்கொண்டிருந்தது.

“...இருக்கேன்... இருக்கேன், அண்ணே... யாரு? ஃபாங் வீட்டம்மா இன்னொரு லைன்லயா?... என்ன சொன்னாங்க?... தயாரா இருக்காங்களாமா. ம்... ம்...”

அவள் மேசைக்கடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். செவ்வாய், வியாழன், ஞாயிறு மாலைகளில் அந்த நாலு பேரும் அவளைத் திட்டுவார்கள், அவள் அவர்களுக்கு மருந்து போடுவாள்; வாரத்தில் மற்ற நாட்கள் எல்லாம் அதற்குக் காத்திருக்கிற நாட்கள்தான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, கூட்டியோ குறைத்தோகூட.

“...அண்ணே, ஒரு நிமிஷம். கரண்ட் எல்லாம் போகல... பொய்தான். பெட்டிதான் சாவுது. ஆட்டம் சூடு பிடிச்சதும் பொசுக்குனு அணையுது... இல்ல, முப்பத்தேழு நிமிஷமும் இல்ல. நேத்து விடியற்காலையில உக்காந்தேன்... ஆனா நான்தான் கட்டினேன், அது நிஜம்... சொல்லுங்க, நீங்க சொன்னா கேக்கறேன்... பொட்டலத்துல குறையா? ஆறு இருக்கே... ஆறு ரெட்டைப்படைன்னு கோபமா?... ஏழாவது ஒண்ணு வைக்கணுமா? சரி... சரி, சமையலறையில ஒண்ணு இருக்கு. எனக்குன்னு வெச்சிருந்தேன்... வைக்கறேன். பக்கவாட்டுல சொருகறேன், மேல இடம் இல்ல.”

ஏழாவது பொட்டலம் பக்கத்துச் சல்லடைத் தகட்டை மூடிக்கொண்டு பக்தியோடு நின்றது. பாவ்ஜூ பொத்தானை அமுக்கிக் கும்பிட்டாள். இந்தத் தடவை ஒன்றரை நிமிடம்.

“...செத்துடுச்சு, அண்ணே. முன்னைவிட சீக்கிரம்... எட்டாவதா? இருங்க... இருங்க, பேசாதீங்க... என்னமோ வாசனை வருது. அடுப்புல நான் எதுவும் வைக்கலையே... தேங்காய். யாரோ தேங்காய் வறுக்கற மாதிரி...”

அவள் பெட்டிமேல் கை வைத்தாள், சட்டென எடுத்துக்கொண்டாள். ஆறு பொட்டலங்களும் எண்ணெயில் போட்ட பூரியாய் உப்பி நின்றன. டேப்பைப் பிய்த்து ஒன்றைத் தூக்கினாள். அடியில் இருந்த சல்லடைத் தகட்டின் வழியே அடைபட்டிருந்த அனல் குப்பென்று முகத்தில் அடித்தது.

“...அட கழுதை... உங்களை இல்ல, என்னை. அண்ணே, மூச்சு விடற வாயில சோளப்பொரியைத் திணிச்சு வெச்சிருக்கேன். மூச்சு முட்டிச் சாவுது. வெயில் காலத்துல அன்னாசியை நெருக்கி அடுக்கினா வேர்த்து அழுகும்னு ஊருக்கே சொன்னவ நான்... எடுக்கப் போறேன்... எடுக்கத்தான் போறேன்... தெரியும், வெச்சதை எடுக்கக் கூடாது, தெரியும்... எந்த ஸ்டேஷன்ல?... பொட்டலத்தை எடுத்ததும் மூணு ரயில் நின்னுச்சா? இது ரயில் இல்ல அண்ணே... நல்லா இருக்கே, என்னை நம்ப மாட்டீங்க, சோளப்பொரியை நம்புவீங்க.”

வாய் அப்படிச் சொன்னாலும் கை தயங்கியது. அவளும் அதே ஊர்க்காரிதானே. ஒன்று, இரண்டு என்று எடுத்தவள், கடைசிப் பொட்டலத்துக்கு வந்ததும் இரண்டு கையாலும் ஏந்தி, மன்னிப்புக் கேட்டு, பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி, அதன் முகத்தைப் பார்த்தபடி மேசைமேல் உட்கார வைத்தாள்.

“...ஒண்ணு வெச்சிருக்கேன். பக்கத்துல. பார்வை பட்டாப் போதும்... மணி என்ன?... ரெண்டு நாப்பத்தாறு. எண்ணுங்க. இந்தத் தடவை செத்தா நானே ஃபாங் வீட்டம்மாவுக்கு ஃபோன் பண்ணி வாழ்த்து சொல்றேன்... வந்துட்டேன்... தெரியுதா?...”

முனகல் ஏறியது. ஊளையாகவில்லை. தாழ்வாரத்துக் கொசுபோல ஒரே சுருதியில் நின்றது.

“...மூணு... பேசாதீங்க, மூச்சை எண்ணிக்கிட்டிருக்கேன்... நாலு... நாலு தாண்டிடுச்சு. அண்ணே, உங்க பின்னாடி ஒருத்தன் வர்றான்... பின்னாடி, வலது பக்கம், சொன்னா கேளுங்க... விழுந்துட்டீங்களா? நல்லா வேணும். இருங்க, மருந்து போடறேன்... எழுந்திருங்க, முட்டி வலியெல்லாம் வீட்டுல, இங்க இல்ல... ஏழு... அந்தத் தடியனை நான் பார்த்துக்கறேன், நீங்க கோட்டைக்குப் போங்க... ஒன்பது...”

இடையில் அவள் ஒருமுறை பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் குடித்துவிட்டு மறந்த தேநீர்க் கோப்பை அளவுக்குத்தான் சூடு.

“...பத்து. ...பதினொண்ணு. ...பன்னெண்டையும் எண்ணட்டுமா?... ம்? என்ன சொன்னீங்க?... கேக்கல. லைன்ல ஒரே இரைச்சல்...”

லைனில் இரைச்சலே இல்லை.

“...யாரு கட்டினது?... ம். யாரு உதவி பண்ணினாங்க?... ம், அப்படித்தான். பொருள் எல்லாம் யாரு பொறுக்கினது?... ம். பவர் சப்ளை?... அதை ஏன் மெதுவா சொல்றீங்க?... ம். இப்ப ஓடுதா இல்லையா?... ம்... ம்... ஃபாங் வீட்டம்மா இன்னும் அந்த லைன்ல இருக்காங்கல்ல? அவங்களுக்கும் சொல்லுங்க. மத்த மூணு பேரையும் சேர்த்துக்குங்க... சொல்லுங்க. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்.”

லியாவ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வண்டி வருகிறது என்று நடைமேடைக்கு அறிவிக்கிற அதே குரலில், ஒரு சொல்லையும் விழுங்காமல், கட்டியது பாவ்ஜூ, உதவி யாருமில்லை என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். நடுவில் நிறுத்தி யாருக்கோ, ஃபாங் வீட்டம்மாவுக்குத்தான் இருக்கும், இரண்டாம் தடவையும் சொன்னார். பாவ்ஜூ காதோடு செல்போனை அழுத்திக்கொண்டு கேட்டாள். முப்பத்தைந்து வருட வியாபாரத்தில் முதல்முறையாக அவளுக்குக் கூட்டிச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

“...ஆமா. ...ஆமா, அண்ணே. அவ்வளவுதான் நடந்துச்சு. ...வெச்சிடறேன், தைச்சுங்காரங்க உள்ள வந்துட்டாங்க.”