பலகையில் ஒரு கார்டு

— காலு ரெண்டும் கழண்டு விழற மாதிரி இருக்குது டேவிட்டு. காலையில அல்சூர்ல ஆரம்பிச்சேன். வீடு வீடா ஏறி இறங்கி இப்ப லிங்கராஜபுரம். எங்கயாவது உக்காரணும்.

— அந்த டைல்ஸ் பெட்டி மேல வேணாம் ஞானம்மா அண்ணி, ஓனர் கத்துவான். இப்படி சிமெண்ட் மூட்டை மேல உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?

— குடு. விடுதலை மனுவுக்கு நானூத்திப் பன்னெண்டு கையெழுத்து ஆச்சு. உன்னுது மட்டும் இல்ல.

— மறுபடியும் அதேவா?

— அதேதான். கேளு, நீ வேலை பாத்த அந்த கல்ஃப் நாட்டு ஜெயில்ல இருக்கற மூணு பேர் பேரும் போட்டிருக்கோம். எங்க வீட்டுக்காரர் பாஸ்டர் பிரசன்னா, அந்த மலையாளி பாதிரியார், லேபர் கேம்ப்ல விநாயகர் பூஜை பண்ணதுக்குப் பிடிச்சாங்களே, அந்த ஒடிசா பூசாரி. பூசாரிக்காக அல்சூர் கோவில்காரங்களே அறுபது பேர் போட்டாங்க. நம்ம சர்ச் செக்ரெட்டரி இன்னும் யோசிக்கிறாரு. "பேரு வெளிய தெரியுமா சிஸ்டர்?"னு கேக்கறாரு.

— கையெழுத்துக்கு அந்த நாட்டுக்காரன் பயந்துடுவானா? சும்மனே நடக்கறீங்க அண்ணி.

— பயப்பட மாட்டான். டெல்லியில ஒரு ஆபீஸர் மேஜையில போய் விழும். அவரு எம்பஸிக்கு ஒரு போன் போடுவாரு. அவ்வளவுதான், எனக்கும் தெரியும். ஆனா கேளு, உன்கிட்ட நான் கேக்கறது கையெழுத்து இல்ல.

— பின்ன?

— சாட்சி. அன்னிக்கு அந்த ஜெபத்துல இருந்த ஒருத்தர் நடந்ததை எழுதிக் குடுக்கணும்னு அங்க இருக்கற வக்கீல் சொல்றாரு. மத்தவங்க இன்னும் அங்கயே வேலை பாக்கறாங்க, போனை எடுக்கறதில்ல. அந்தக் கேம்ப்ல இருந்து ஊர் திரும்பினவன் நீ ஒருத்தன்தான்.

— அன்னிக்கு எனக்கு டூட்டி அண்ணி. ஜெபத்துக்கே போகலை. எத்தனை தடவை சொல்றது?

— இதோட எட்டு தடவை.

— எண்ணினீங்களா?

— முப்பது வருசம் ஆஸ்பத்திரி ஆயா நான். டிரிப்ஸ் சொட்டறதையே எண்ணினவ. சரி, நீ போகலை. கேஸ் எதுல நிக்குதுன்னாவது கேளு. போலீஸ் வந்ததும் எல்லாரும் பின்னாடி ஜன்னல்ல குதிச்சு ஓடிட்டாங்க. இவரு மட்டும் உள்ள நின்னாரு. "ஓடாம நின்னவன்தான் தலைவன், இவன்தான் மதம் மாத்தறவன்"னு எழுதிட்டாங்க. ஏன் நின்னேன்னு ஜட்ஜ் கேட்டா வாயைத் திறக்கலை. பதினாலு மாசமா திறக்கலை.

— அண்ணன் பிடிவாதக்காரரு.

— பிடிவாதமா? திமிரு. ஆமென் சொல்லிட்டுத்தான் வருவேன்னு நின்னிருப்பாரு. மாசத்துக்கு ஒரு தடவை அஞ்சு நிமிசம் போன் பேச விடறாங்க. எடுத்ததும் இன்னா கேக்கறாரு தெரியுமா? எப்படி இருக்கேன்னு இல்ல. "எல்லாரும் வெளிய வந்தாச்சா?"ன்னு. ஒவ்வொரு மாசமும் அதே கேள்வி. எனக்கு எப்படித் தெரியும்? யார் பேரையும் சொல்லக் கூடாது, பக்கத்துலயே காவல்காரன் நிப்பான்.

— அந்தப் பலகையைப் பத்தி அண்ணன் உங்ககிட்ட சொன்னதில்லையா?

— எந்தப் பலகை?

— ஜெபம் நடந்தது அரிசி மூட்டை அடுக்கற குடோன்ல. ஜன்னல் பக்கத்துல ஒரு பலகையில ஆணி அடிச்சி வெச்சிருந்தாரு. வர்றவன் கேம்ப் கார்டை அதுல மாட்டணும். போகும்போது எடுத்துக்கணும்.

— ஒளிஞ்சு கூடற இடத்துல, பேரும் போட்டோவும் போட்ட கார்டை சுவத்துல மாட்டுவீங்களா? மூளை இருக்குதா உங்களுக்கு?

— நீங்க அல்சூர்ல பொறந்தவங்க. நாங்க கே.ஜி.எஃப். பசங்க அண்ணி. எங்கப்பா, அவங்கப்பா எல்லாரும் பலகையில டோக்கனை மாட்டிட்டு தங்கச் சுரங்கத்துல இறங்கினவங்க. ஒரு டோக்கன் தொங்கினா ஒரு ஆளு இன்னும் கீழ இருக்கான்னு அர்த்தம். அந்தக் குடோன்ல கரண்ட் போனா கும்மிருட்டு. மூட்டைக்கு நடுவுல எவனாவது மயங்கி விழுந்தா தெரியணும்னு அண்ணன் சொல்வாரு. பலகை காலியாகாம அவரு வெளிய வரவே மாட்டாரு.

— அன்னிக்கு?

— அன்னிக்கு இருபத்திமூணு பேர். இருபத்திரெண்டு பேர் கார்டைப் பிடுங்கிக்கினு ஓடினாங்க.

— டூட்டியில இருந்தவனுக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரியும்?

— தண்ணி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா அண்ணி?

— வேணாம். திங்கக்கிழமை உனக்கு விசாவுக்கு மெடிக்கல் டெஸ்டாமே. அதே நாட்டுக்கு. உன் பொண்டாட்டி தமயந்தி சொன்னா.

— உங்களுக்குத் தெரியாததே கிடையாதா? ஆமா. எழுதிக் குடுத்தா பேரு அவன் கம்ப்யூட்டர்ல ஏறிடும், விசா அவ்வளவுதான். இங்க மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு செத்துப் போச்சு அண்ணி.

— கட்டாயப்படுத்த மாட்டேன். கையைக் குடு, எந்திரிக்கணும். இன்னும் ரெண்டு தெரு பாக்கணும்.

— உக்காருங்க. இதைப் பாருங்க.

— உன் கார்டு. இப்ப எதுக்கு இதைப் பர்ஸ்ல வெச்சிருக்கே?

— அண்ணன் ஜன்னல் மேல ஏறிட்டாரு. ஒரு கால் வெளிய. திரும்பிப் பாத்தா பலகையில இது தொங்குது. எடுத்து, வெளிய நின்ன சமையக்கார நாணு கையில குடுத்துட்டு, "டேவிட்டு இன்னும் உள்ள இருக்கான், கூட்டிக்கினு வர்றேன்"னு மறுபடி உள்ள இறங்கிட்டாரு. மறுநாள் நாணு கார்டைக் குடுத்து சொல்லித்தான் எனக்கே தெரியும்.

— நீ உள்ள எங்க இருந்தே?

— உள்ள இல்ல அண்ணி. முதல்ல குதிச்சவனே நான்தான். கார்டை எடுக்கத் தோணலை.

— பேனா இந்தா. இந்தப் பேப்பர்ல எழுது.

— எழுதறேன். மெடிக்கல் போனா போகுது. ஆனா எழுதிட்டா மட்டும் இது தீராது. அடுத்த போன் வரும்போது என்னைப் பக்கத்துல வெச்சிக்கங்க. பேரு சொல்ல வேணாம், என் குரல் அவருக்குத் தெரியும். "வெளிய வந்துட்டேண்ணே"ன்னு ஒரு வார்த்தை, பதினாலு மாசமா அவருக்கு நான் பாக்கி.