தடியா ஒரு வெங்காயத்தாள்

ஐய, இது எதுக்கு ஆவும் ஷவ்கத்து? தொட்டாலே தொவளுது. நல்லா நீளமா, கையில புடிச்சா நட்டுக்குத்தா நிக்கிற மாதிரி குடு தம்பி. சூப்புல போட இல்லப்பா. அடிக்கிறதுக்கு.

சிரி, சிரி. இத்தனை வருஷமா சமர்கந்து சந்தையில கடை போடுற, பஸ்கா பண்டிகை வந்தா யூதப் பொம்பளைங்க எதுக்கு வெங்காயத்தாள இப்படித் தடவித் தடவிப் பாக்குறோம்னு இன்னுமா தெரியல? எகிப்துல எங்காளுங்க அடிமையா கெடந்து சாட்டையடி வாங்குனாங்கல்ல. பண்டிகை விருந்துல, அதுலேந்து தப்பிச்சு வந்த கதையப் பாடுற பாட்டு வரும்போது ஆளுக்கொரு தாள எடுத்து, பக்கத்துல இருக்கறவங்கள வெளுத்து வாங்கலாம். மாமனாரு, மாமியாரு, சம்பந்தி, எல்லா மரியாதைக்கும் அன்னைக்கு லீவு. எங்க வீட்டுக்காரரு பின்ஹாசு வேதம் படிச்சவரு. போன வருஷம் நான் போட்ட போடுல அவரு தொப்பி சூப்புல விழுந்துச்சு. மனுஷன் பாட்ட மட்டும் நிறுத்தல, அதச் சொல்லணும்.

இந்த வருஷம் யாருக்கு அடியா? வீட்டுல மருமவ இருக்காளே, புலோரு. ஆமா, அந்த ஒல்லிப் பொண்ணுதான். நாலு மாசமா எங்கிட்ட பேச்சே இல்ல. எது சொன்னாலும் சரிங்கம்மா, அவ்வளவுதான். நேத்து பண்டிகை அரிசி பொறுக்குனோம். மூணு தடவை பொறுக்கணும், பஸ்காவுக்குப் புளிக்கிற தானியம் ஆகாது, ஒரு கோதுமை கெடந்தாலும் தப்பு. ஒரே தட்டு, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ. அரிசிதான் தட்டுல சத்தம் போட்டுச்சு, அவ வாயத் தொறக்கல.

நான் சும்மா இருப்பேனா? சீண்டிப் பாத்தேன். நல்லா இருந்த சூப்ப உப்புக் கரிக்குதுன்னேன். சரிங்கம்மா. அவ அம்மா குடுத்துவுட்ட ரொட்டிய செருப்புத் தோலுன்னேன். சரிங்கம்மா. கடைசியா, எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லிப்புடாத, பால் கரண்டிய வேணும்னே கொதிக்கிற கறிச்சட்டியில விட்டேன். பாலும் கறியும் கலக்கறது எங்க வேதத்துக்கு ஆகாது, கலந்தா எங்க வீட்டுல குடியே முழுகிப் போயிடும். சட்டி போச்சு, கறியும் போச்சு. வேற மருமவளா இருந்தா தெருவையே கூட்டியிருப்பா. இவ சத்தமில்லாம கறியக் கொண்டுபோயி நாய்க்கு வச்சுட்டு, முட்டைய வேகப் போட்டா. எனக்குத்தான் வாயில அடிச்ச மாதிரி ஆயிடுச்சு.

ஏய், அத வைக்காத. சரி, வை, எங்க வீட்டுக்காரருக்குத் தொவண்டதே போதும். அந்தா, அடியில ஒண்ணு தெரியுது பாரு, முழங்கை நீளத்துக்கு. அத உருவு.

பாவம்ங்கறியா? யாரு, அவளா? அட நீ வேற. இது அவ கையில குடுக்கறதுக்குப்பா. இந்தத் தடவை நான் அவ பக்கத்துலதான் உக்காரப் போறேன், இடமெல்லாம் மாத்தி வச்சுட்டேன்.

அவள நான் என்னத்தப் பண்ணேன்னா கேக்குற... அஞ்சாம் மாசத்துல அவளுக்குக் கலைஞ்சு போச்சுல்ல. துக்கம் கேக்க வந்தவங்ககிட்ட, வேற எடத்துல பொண்ணெடுத்திருக்கலாம்னு சொல்லிட்டேன். திரும்பிப் பாக்கறேன், டீத்தட்டோட நிக்கிறா. எல்லாருக்கும் ஊத்துனா. எனக்கும் ஊத்துனா.

மன்னிச்சுக்கன்னு கேக்க வாய் வரமாட்டேங்குது தம்பி, அறுவத்திரெண்டு வயசுல. அவ ஓங்கி அடிக்கட்டும். இன்னும் ரெண்டு தடியா போடு. ஒண்ணு ஒடிஞ்சு போச்சுன்னா நிறுத்திடுவா.