நாலு விரல் தண்ணீர்

எனது பெயரும் விலாசமும் தனித்தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தொன்று. புயல் வந்தால் கடல் எவ்வளவு ஏறும், துறைமுகத்தில் எதெல்லாம் மூழ்கும் என்று கணிக்கும் பொறியாளராக வேலை பார்க்கிறேன். இவ்வழக்கில் கைதாகியுள்ள லாரி டிரைவர் என் அக்காவின் கணவர். அவர்கள் வீடு துறைமுக மதிலுக்கு வெளியே, சரக்குக் கதவை ஒட்டிய தெருவில் உள்ளது.

புயல் எச்சரிக்கை வந்த அன்று காலை நான் அக்கா வீட்டுக்குப் போய், இருவரையும் என் வீட்டுக்கு வந்துவிடும்படி சொன்னேன். அப்போது மாமா, கடல்நீர் துறைமுகத்துக்குள் வராமல் அந்தக் கதவை அடைத்தால் தெருவில் தண்ணீர் கூடுமா என்று கேட்டார். உள்ளே பரவ வேண்டிய தண்ணீர் மதிலில் முட்டித் தெருவுக்குத் திரும்பும், நாலு விரல் கூடும் என்றேன். என் அறிக்கையிலும் அது உள்ளது. "ஏற்கத்தக்கது" என்று பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

"உனக்கு அது கணக்கும்மா. எங்களுக்குக் கட்டிலுக்கு மேல நாலு விரல்," என்றார் மாமா.

"அவ என்னங்க பண்ணுவா? கடல அவளா ஏவிவிட்டா?" என்று அக்கா அதட்டினார். அதன் பிறகு அக்கா மட்டும் என்னுடன் வந்தார்.

அன்று மாலை நான் கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன். கதவை அடைக்க உத்தரவானதும் மாமா தன் லாரியைக் கதவு ஓடும் தண்டவாளத்தின் குறுக்கே நிறுத்திவிட்டு, சாவியைச் சாக்கடையில் எறிந்ததை ஜன்னல் வழியாக நானே பார்த்தேன். அதன் பிறகு கதவை இயக்கும் கதவுக்காரர் ஓடிவந்து, "என் பொழப்புல மண்ணள்ளிப் போடாதீங்கண்ணே, எடுங்க," என்று கெஞ்சியது அவர் கையிலிருந்த ஒயர்லெஸ் வழியே எங்களுக்கும் கேட்டது. அதன் பிறகு அவர் லாரியை இழுக்கச் சங்கிலி மாட்டிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்துவிட்டது. மாமா லாரியின் மேல் ஏறி அவருக்குக் கை கொடுத்தார். கையுறை மட்டும் கையோடு வந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். கதவுக்காரரின் உடலை மறுநாள் கன்டெய்னர்களுக்கு இடையிலிருந்து எடுத்தார்கள்.

கதவு அடைபட்டிருந்தால் துறைமுகம் தப்பியிருக்குமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். தப்பியிருக்காது. கடல் மதிலுக்கு மேலேயே வந்தது. அந்த உயரம் எங்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் வரும் என்று கணித்திருந்தேன். கதவு திறந்து கிடந்தும் தெருவில் ஒரு விரல்கூடக் குறையவில்லை. மதிலை இன்னும் உயர்த்தலாமே என்றும் கேட்டார். உயர்த்தலாம், கடலும் உயரும் என்றேன்.

நேற்று லாக்கப்பில் மாமாவைப் பார்த்தேன். "நம்ம தெருவுக்குக் கொஞ்சமாச்சும் கொறஞ்சுதுல்ல? அத மட்டும் சொல்லிடும்மா, நான் உள்ளயே கெடந்துக்குறேன்," என்றார். குறையவில்லை மாமா என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகு வெளியே வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கதவுக்காரரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு கதவ மட்டும் சாத்தியிருந்தா எல்லாம் தப்பிச்சிருக்கும்னு சொல்றாங்க. நிஜமாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க," என்றேன்.

அந்த அம்மாவிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தை தவிர, மேலே உள்ளதெல்லாம் உண்மை. வாசித்துக் காட்டக் கேட்டேன். திருத்த ஒன்றுமில்லை.

(ஒப்பம்)