ஊதிப் பார்த்து ஒட்டிய பத்துப் பற்கள்

இஸ்மிர் நகரக் கடற்கரைச் சாலைப் பல் மருத்துவமனையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பீங்கான் பல் வார்த்து, இன்று பணி நிறைவு காணும் திருமிகு நெஸிஹே அக்கா அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உவந்து அளிக்கும் மடல்.

மெல்லிய பீங்கானில் மெய்ச் சிரிப்பை மீட்டெடுத்த பெருமாட்டியே! சூளையின் சூட்டையும் சொல்லின் சூட்டால் தோற்கடித்த சோதரியே! வணக்கம்.

நகத்தளவு பீங்கான் ஓடு ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது பல்லா, குளியலறை ஓடா?" என்று தாங்கள் கேட்கும் கேள்விக்கு அஞ்சி, தேநீரை ஆறவிட்டு நாங்கள் நின்ற காலைகள் இனி வாராவே! திட்டிய கையோடு எள் தூவிய கெவ்ரெக் ரொட்டியைப் பிய்த்து எங்கள் வாயில் திணித்ததும் அதே கைதான்.

பாராட்டு மடலில் பிழையைப் பேசலாமா என்று நம் ரெம்ஸி டாக்டர் முகம் சுளித்தார். நாங்கள் விட்டால் தாங்களே எழுந்து சொல்லிவிடுவீர்கள் என்பதால் சொல்கிறோம்.

இருபத்தோரு ஆண்டுகளுக்கு முன், கல்யாண வீடுகளில் கிளாரினெட் ஊதும் காத்ரி, மகள் திருமணத்துக்கென முன்பற்கள் பத்துக்கும் பீங்கான் ஓடு ஒட்டிக்கொண்டார். ஒன்பதாம் நாள் ஈறு வீங்கி, உதடு கிழிந்து வந்து நின்றார்.

"பல்லு பளபளன்னுதான் இருக்கு டாக்டர். ஆனா ஊதினா காத்து பக்கவாட்டுல போயிடுது. பொண்ணு வாசப்படி தாண்டுறப்ப நான் ஊதணும். இன்னும் எட்டே நாள்தான்."

"பழகிடும் காத்ரி" என்றார் ரெம்ஸி டாக்டர்.

சூளையறையிலிருந்து சுண்ணத் தூசியோடு தாங்கள் வந்தீர்கள். பல்லிடுக்கில் பட்டு நூலை விட்டு இழுத்தீர்கள். ஓட்டின் விளிம்பில் சிக்கி, நார் நாராய்ப் பிய்ந்து, இரத்தத்தோடு வந்தது நூல்.

"பழகாது. விளிம்பு துருத்துது, பல்லு நீளம். தப்பு என்னோடது. அளவு பாக்கறப்ப உங்கள சிரிக்கச் சொன்னேன் தம்பி, ஊதச் சொல்லல."

அத்தனை நோயாளிகள் முன்னிலையில் அப்படிச் சொல்ல எங்களில் எவருக்குத் துணிவு வந்திருக்கும்! டாக்டர் பத்தையும் அராவி எடுத்தார். தாங்கள் ஆறே நாளில் புதிதாய் வார்த்தீர்கள். ஒவ்வொன்றையும் ஒட்டுமுன் பொருத்தி, காத்ரியை ஊதச் சொல்லி, கழற்றி இழைத்து, மறுபடியும் ஊதச் சொன்னீர்கள். காத்திருந்தோர் பல்வலியை மறந்து கைதட்டினர்.

அன்று பிறந்தது நம் வழக்கம். ஆசிரியர் பாடம் படித்துக் காட்ட வேண்டும். ரொட்டி விற்பவர் கூவிக் காட்ட வேண்டும். சூரியகாந்தி விதை கொறிப்பவர் கொறித்தே காட்ட வேண்டும். பிறகே பசை. துருத்திய விளிம்போடு ஒரு வாயும் இங்கே திரும்பி வந்ததில்லை.

அந்தத் திருமணத்துக்குத் தாங்களும் போனீர்கள். மணப்பெண் எப்படி என்று மறுநாள் கேட்டோம். "யாரு பாத்தா? காத்து ஒழுகுதான்னுதான் கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றீர்கள். அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை ஆண்டு சிரித்தோம் அக்கா! இனி யாரிடம் சொல்லிச் சிரிப்போம்?

நோயின்றி, நோவின்றி, பேரர் புடைசூழ நூறாண்டு வாழ்க! தங்கள் பற்கள் தங்களுடையவையாகவே இருக்க!

இம்மடல் முடிந்ததும் பக்கத்து அறைக் கதவு திறக்கும். தலை நரைத்த காத்ரி, அதே பத்துப் பற்களோடு, கிளாரினெட்டோடு காத்திருக்கிறார்.

அக்கா, இன்றாவது காற்றைக் கவனிக்காமல் பாட்டைக் கேளுங்கள்.

இவண்,
சூளையறை, சிகிச்சையறை, வரவேற்பறைத் தோழர்கள்