லைன் போன நாட்கள்

மாலை நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வெறுந்தேநீர் குடிப்பது என் வழக்கம். கோப்பையில் சீனி சேர்ப்பதில்லை. ஒரு துண்டு பனங்கட்டியைக் கையில் வைத்துக் கடித்துக்கொள்வேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியனாக மலைநாட்டுக்கு வந்து, ராகலைக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் முப்பத்தொரு வருடம் கற்பித்தேன். ஓய்வு பெற்றபின் நானுஓயாவுக்கு மேலே இருந்த பல்கலைக்கழக வளாகத்தில் வாசிகசாலைப் பொறுப்பாளனாக நான்கு வருடம் இருந்தேன். இவ்வளவு காலத்திலும் அந்த வழக்கம் தவறியதில்லை. தேநீர் குடிக்கும் நேரத்தை வைத்து யாரும் ஒருவனைக் குற்றவாளி என்று கருதுவதில்லை. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

குகநேசன் அவர்களே, இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு புரட்டாதி மாதம் நீங்கள் விசாரணை அதிகாரியாக எங்கள் வளாகத்துக்கு வந்து ஒரே நாளில் ஒரு விசாரணையை நடத்தி முடித்தீர்கள். வயர்லெஸ் இணைப்பைப் பராமரித்த லோஜினி என்ற பெண்ணை நீக்கும்படி எழுதிவிட்டுப் போனீர்கள். அன்று என்னிடம் நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நான் சொன்ன விடை இலக்கணப்படி சரியானது. அதன் மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகம் மேட்டில், பழைய துரை பங்களாவில் இருந்தது. வாசிகசாலை பள்ளத்தில் இருந்தது. இடையில் தேயிலை மலை. அதன் குறுக்கே கம்பி இழுக்கத் தோட்டத்தார் சம்மதிக்காததால், மேட்டில் ஓர் அன்டெனாவும் வாசிகசாலைக் கூரையில் ஓர் அன்டெனாவும் ஒன்றையொன்று பார்த்தபடி பொருத்தப்பட்டன. கீழே வந்து சேரும் இணைப்பைப் பிள்ளைகளின் கணினிகளுக்குப் பகிர்வதற்கு ஒரு வெள்ளைப் பெட்டி, அகராதிகள் அடுக்கிய அலுமாரியின் மேல் வைக்கப்பட்டது. கூரை அன்டெனாவுக்கும் அந்தப் பெட்டியிலிருந்தே மின்சாரம் போனது. பெட்டியின் பிளக்கைச் செருக அலுமாரிக்குப் பின்னால் அந்த மூலையில் இருந்தது ஒரே ஒரு துளை. அதுவரை அது என் மின்கேத்தலுக்கு உரியதாக இருந்தது.

ஐந்து வாரம் பிளாஸ்கில் சுடுதண்ணீர் கொண்டுவந்து சமாளித்தேன். பிளக்கைக் கழற்றிய முதல் நாள் நான் செய்தது குற்றமன்று. பெட்டியின் பிளக்கைக் கழற்றினேன், கேத்தலின் பிளக்கைச் செருகினேன், தண்ணீர் கொதித்தது. பெட்டிக்கும் கணினிக்கும் உள்ள உறவு எனக்குத் தெரியாது. சில நிமிடங்களில் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கணினியை விட்டு எழுந்து வந்தார்கள்.

"ஐயா, லைன் போயிருச்சுங்க," என்றாள் ஆர்த்திகா என்ற மாணவி.

உட்காருங்கள், வரும், என்று சொல்லி, வாய்க்கு வந்த ஒரு கதையைச் சொன்னேன். இரண்டு காகங்கள் ஒரு கூட்டுக்கு வழக்காடிய கதை. பன்னிரண்டு பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். பெட்டி வருவதற்கு முன்பு ஒவ்வொரு மாலையும் அப்படித்தான் இருந்தது. அது வந்த பிறகு ஐந்து வாரமாக ஒருவரும் என் மேசைப்பக்கம் வந்ததில்லை. கதை முடிந்ததும் அலுமாரிக்குப் பின்னால் போய்ப் பெட்டியின் பிளக்கை மறுபடி செருகினேன். லைன் வந்தது. காரணம் எனக்கு அப்போது விளங்கியது. மறுநாளும் நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கேத்தலை எடுத்தேன்.

லோஜினிக்கு அப்போது இருபத்தாறு வயது. இறம்பொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கும் ராக்காயி என்பவரின் மகள். தொழிலாளர் லயத்தின் ஒற்றை அறையில் இருந்து படித்து டிப்ளோமா வாங்கியவள். நாட்கூலிக்கு வேலை செய்தாள். கார்த்திகையில் நிரந்தர நியமனத்துக்கு நேர்முகம் இருந்தது. அதற்கு அவளுடைய வேலையில் குறை இருக்கக் கூடாது. இதை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை.

லைன் போனால் அவள் முதலில் கூரைக்குத்தான் ஏறுவாள். மழை நீர் இறங்கிய கேபிள் முனையை வெட்டிப் புதிதாகப் பூட்டி ரப்பர் நாடா சுற்றுவாள். அன்டெனாவை ஒரு விரற்கடை திருப்பி, மேட்டில் இருப்பவர்களிடம் போனில் சிக்னல் கேட்பாள். அதற்குள் நான் கீழே கதையை முடித்துப் பிளக்கைச் செருகியிருப்பேன். பெட்டி விழிக்கும். தான் திருத்தியதால் வந்தது என்று நினைத்து அவள் இறங்கி வருவாள். நனைந்து வருபவளுக்கு ஒரு கோப்பை தேநீர் ஊற்றிக் கொடுப்பேன். "ஐயா கைத்தேத்தண்ணி குடிச்சா அன்டெனாவுக்கே தெம்பு வரும்ங்க," என்பாள். அதே கேத்தல்தான்.

வளாகத்தில் எல்லோரும் மூடுபனியைக் குறை சொன்னார்கள். அங்கே மூன்றரைக்குப் பனி இறங்கிவிடும். நான்குக்கு எதிர்மரம் தெரியாது. அவள் மட்டும் ஒப்பவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை என் மேசையில் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

"பனி சனி ஞாயிறும்தாங்க ஐயா எறங்குது. லைன் மட்டும் வேல நாள்ல போவுது. பனிக்கு லீவு இருக்குங்களா?"

நானும் சிரித்தேன். மறுநாள் சனிக்கிழமை. எனக்கு வேலையில்லாத நாள். அன்று மூன்று மணிக்கு வாசிகசாலைக்குப் போனேன்; ஞாயிறும் போனேன். இரண்டு நாளும் லைன் போனது. திங்கட்கிழமை அவள் பனியைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு வேறொரு வழியில் நெருங்கி வந்தாள். அந்தப் பெட்டி தான் எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது என்பதைத் தானே எண்ணிவைக்குமாம். கணினியில் அதைப் பார்த்து, இருபது நிமிடம் என்று காட்டுகிறது, இது சிக்னல் குறையன்று, யாரோ கரண்டை எடுக்கிறார்கள் என்றாள். நான்கு மணிக்கு இந்தப் பக்கம் யாராவது வருகிறார்களா என்று என்னைக் கேட்டாள்.

"ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. நான் மட்டும்தான்," என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய்யன்று. "நீங்க இருக்கிறது நல்லதுங்க. கொஞ்சம் பாத்துக்குங்க," என்று சொல்லி, லைன் போகும் நேரத்தையும் அப்போது அங்கே நிற்பவர்களையும் குறிக்க ஒரு கொப்பியை என்னிடமே தந்தாள். ஒவ்வொரு நாளும் குறித்தேன். எல்லா நாளிலும் 'லோஜினி' என்ற பெயர் வந்தது. லைன் போனதும் ஓடி வருபவள் அவள்தானே. வாசிகசாலைப் பொறுப்பாளனைத் தளபாடத்தோடு சேர்த்துவிடுவது உலக வழக்கம். என்னையும் குறிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லாத கதை ஒன்று உண்டு. ஒரு கிழட்டு ஆமை இளைப்பாற இடமின்றி ஊற்றுக்கண்ணின் மேல் உட்கார்ந்தது. ஓடை வற்றியது. மான்களும் முயல்களும் வந்து, தண்ணீர் எங்கே என்று கேட்டன. தன்னை யாரும் கேட்டு வந்து நெடுங்காலமாகியிருந்ததால் ஆமை மகிழ்ந்து பழங்கதை பேசியது. ஒரு கீரி மட்டும் கேட்டுக்கொண்டிராமல் நகம் தேயச் சுற்றிலும் தோண்டியது. இவ்வளவு தோண்டுகிறதே, ஓடையைக் கெடுத்தது இதுதான் என்று மற்ற மிருகங்கள் கீரியை விரட்டின. இந்தக் கதைக்கு நீதி எழுத எனக்கு வரவில்லை. கதைகளில் குற்றம் செய்வது பெரும்பாலும் நரி, வாத்தியார் வருவதில்லை.

ஆவணி மாதம் ஏணி வழுக்கி அவள் இடது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு மறுநாளும் ஏறினாள். அன்றும் நான் பிளக்கைக் கழற்றியிருந்தேன். அதற்கு முந்திய நாள் தொடங்கிய கதை பாதியில் நின்றிருந்தது.

மேட்டு அலுவலகம் பொறுமை இழந்தது. லைன் போன நாட்களுக்கு அவளுக்கு அரைநாள் மட்டும் குறித்தார்கள். அவள் கை பட்டால் மட்டும் லைன் வருகிறதே, நேர்முகத்துக்கு முன் தன் அருமையைக் காட்ட அவளே கெடுத்து அவளே திருத்துகிறாள் என்று ஒருவர் சொன்னார். அதன் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள்.

அவளுடைய வாக்குமூலத்தை எழுதித் தருவதாக நானே முன்வந்தேன். உன் பேச்சுத் தமிழ் விசாரணைக்குச் சரிவராது பிள்ளை, நான் நல்ல தமிழில் ஆக்கித் தருகிறேன் என்றேன். அவள் நன்றி சொன்னாள். முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசினாள். இறுதியில் அவள் கேட்டது ஒன்றுதான்:

"லைன் போன நாளுக்கெல்லாம் எம்பேரு போடணுங்க. நான் அங்கனதானே இருந்தேன்."

நான் எழுதினேன்: 'இணைப்பு அறுந்த நாட்கள் அனைத்துக்கும் என் பெயரையே இடுதல் வேண்டும். அந்நாட்களில் அங்கு இருந்தவள் நானே.'

வாசித்துக் காட்டினேன். தலையசைத்து ஒப்பமிட்டாள். நீங்கள் அந்த வரியின் கீழ் கோடிட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"மாஸ்டர், இது அவ சொன்னபடிதானோ?"

"ஓம் தம்பி. அவ சொன்னதுதான்."

நீங்களும் யாழ்ப்பாணத்தவர், மலையில் ஒரு நாள் மட்டுமே இருந்தவர். தோட்டத்தில் 'பேர்' என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று, சொன்ன நிறைக்குக் கொழுந்து பறித்தவருக்கு ஒரு பேர். குறைத்துப் பறித்தவருக்கு அரைப்பேர். பேர் என்பது ஒரு நாள் வேலை. லோஜினி கேட்டது, தான் உழைத்த நாட்களை முழு நாளாகக் குறிக்கும்படி. நான் பேரைப் பெயராக்கினேன். பாடசாலையில் அதைப் பிழைதிருத்தம் என்போம். அவள் காதுக்கு அது அவள் கேட்டதாகவே இருந்தது. உங்கள் கண்ணுக்கு அது குற்ற ஒப்புதலாக இருந்தது.

அந்தச் சொல் எனக்கு அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை என்று சில மாதங்கள் எனக்கே சொல்லிக்கொண்டேன். முப்பத்தொரு வருடம் தோட்டப் பாடசாலையில் இருந்தவன் நான். "அம்மாவுக்கு இன்னைக்குப் பேரு இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டு பசியோடு வந்த பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன். பேனா அந்தச் சொல்லுக்கு மேல் சற்று நின்றது. அந்த வரியை அவள் சொன்ன பொருளிலேயே விட்டால் நீங்கள் அலுமாரிக்குப் பின்னால் பார்ப்பீர்கள் என்று தெரிந்தே எழுதினேன்.

அது போர்க்காலம். தொடர்புச் சாதனத்தைக் கெடுத்ததாக ஒரு தமிழ்ப் பெண் கையெழுத்திட்டிருக்கிறாள் என்ற செய்தி பொலிசுக்குப் போனது. மூன்று நாள் அவளை வைத்திருந்தார்கள். மூன்று நாளும் ராக்காயி பெரட்டுக்குப் போகாமல் நிலைய வாசலில் நின்றார். இரண்டாம் நாள் நான் அவருக்குச் சாப்பிட ஒரு பாண் வாங்கிக்கொண்டு போனேன். "ஐயா மாதிரி நல்லவுங்க ஒருத்தர் சொன்னா விட்டுருவாங்க," என்று என் கையைப் பிடித்தார். பாணைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவள் போன பிறகு ஒரு நாளும் லைன் அறவில்லை. அதைக் கொண்டே அவள் குற்றம் உறுதியானது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் மாலைத் தேநீரை விட்டுவிட்டேன். இந்த வழக்கம் தவறியதில்லை என்று மேலே எழுதியதும் சரியன்று. பிள்ளைகள் கணினிகளின் முன்னால் இருந்தார்கள். நான் என் மேசையில் இருந்தேன். யாரும் கதை கேட்கவில்லை.

இரண்டு வருடம் சென்று, போன வாரம் ராகலைக்குப் பஸ் ஏறினேன். மரக்கறி விதைக் கடையின் பின்னறையில் லோஜினி போன் திருத்துகிறாள். அவளுடைய விடுகைக் கடிதத்தைப் பார்த்த எந்த அலுவலகமும் அவளை எடுக்கவில்லை. இதுவரை எழுதியதை முழுவதும் அவளுக்கு வாசித்தேன். அவள் சூட்டுக்கோலை வைக்கவில்லை. ஒரு போனின் உள்ளே ஈயம் ஒற்றிக்கொண்டே கேட்டாள். கேத்தல் என்ற சொல் வந்த இடத்தில் மட்டும் கை நின்றது. வாசித்து முடித்ததும் கேட்டாள்:

"எங்கம்மா ஒங்க கையப் புடிச்சுச்சா?"

"ஓம், பிள்ளை."

திருத்திய போனின் மூடியைப் பூட்டினாள். பிறகு, நான் எழுதியதில் ஓர் இடம் தப்பு என்றாள். திகதியா என்று கேட்டேன்.

"கதை கேக்கப் புள்ளைங்க வந்தாங்கன்னு எழுதியிருக்கீங்க. யாரு வந்தா? லைன் வரும்னு ஒக்காந்திருந்தாங்க. எனக்குப் போன் போட்டு, 'அக்கா, ஐயா ஆரம்பிச்சிட்டாரு, வெரசா வாங்க'ன்னு ஆர்த்திகாதான் கெஞ்சும்."

அந்த வரிகளை அடிக்கப் பேனாவை எடுத்தேன். அடிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும், கீழே நான் சொல்வதை எழுதுங்கள் என்றாள். 'ஏறுனேன்' என்பதற்கு நான் 'ஏறினேன்' என்று போடத் தொடங்கியபோது தாளைத் தட்டினாள். கிழித்துவிட்டுப் புதிய தாளில் தொடங்கினேன். குகநேசன் அவர்களே, இனி வருவது அவள் சொல்லச் சொல்ல நான் எழுதியது. இதை அவளுடைய பழைய வாக்குமூலம் இருக்கும் கோவையில், அதற்கு மேலே வையுங்கள். ஓர் எழுத்தையும் நான் திருத்தவில்லை.

'எம்பேரு லோஜினி. லைன நான் கெடுக்கல. ஐயா பிளக்கப் புடுங்குனாரு, நான் கூரைல ஏறுனேன். அறுவத்தேழு நாளு ஏறுனேன், கை ஒடஞ்ச பொறகும் ஏறுனேன். அந்த அறுவத்தேழு நாளுக்கும் எனக்கு முழுப்பேரு போடணும். பேருன்னா எங்க தோட்டத்துல ஒரு நாள் வேல. அதுக்கு வேற அர்த்தம் கெடையாது.'