ஆளா, மூட்டையா

இந்த நாற்காலிக்கு ஒரு கால் கட்டை. அட்டைத் துண்டு ஒன்றை மடித்து அடியில் கொடுத்தால் ஆடாது. பேசி முடித்ததும் நானே செய்து தருகிறேன், சார். கோணலாக எதையாவது பார்த்துவிட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது.

என் வேலையும் அப்படித்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படம் பார்க்கும் வேலை. பக்கத்து மேஜை அக்கா, வயலுக்கு மேல் பறந்து மருந்தடிக்கும் ட்ரோனுக்கு எது களை, எது பயிர் என்று சொல்லிக் கொடுப்பார். எதிரே இருப்பவர், ஆஸ்பத்திரியில் மருந்து கொண்டுபோகும் ரோபோவுக்கு எது சுவர், எது கதவு என்று சொல்வார். எனக்குப் பழைய பேப்பர் ஆலை. அங்கே ரோபோ ஒன்று மூட்டைகளைத் தூக்கி, பேப்பரைக் கட்டியாக நசுக்கும் பிரஸ்ஸில் போடும். அன்றன்று அது எடுத்த படங்கள் சாயங்காலம் எனக்கு வரும். ஆள், மூட்டை என்று இரண்டே பொத்தான். நான் சொல்வதை வைத்துத்தான் அது கற்றுக்கொள்ளும், சுத்தக் கிளிப்பிள்ளை. வேலைக்கு நடுவே சந்தேகம் வந்தால் அப்படியே நின்று, படத்தை அனுப்பி என்னைக் கேட்கும். நான் பதில் சொல்லும்வரை அசையாது. அந்த மரியாதை எனக்கு வீட்டில்கூடக் கிடைத்ததில்லை.

அந்த ஆலையில்தான் என் தம்பிக்கு வேலை. நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். ஈரப் பேப்பரைப் பிரித்தபடி நாள் முழுக்கக் குந்தியிருப்பான். காக்கி நிற மழைக்கோட்டு, அதன் தொப்பி தலையை மூடியிருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் அசல் மூட்டைதான். அதனால் ரோபோ அடிக்கடி நின்று என்னைக் கேட்கும். அது நின்றால் போதும், இவன் கேமரா பக்கம் திரும்பிக் கையாட்டுவான். "அந்தப் பக்கம் எங்க அண்ணன் பாத்துக்கிட்டிருக்கான், எனக்கென்னப்பா பயம்" என்று எல்லோரிடமும் சொல்வானாம்.

நல்ல பையன். அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது, எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் கதவைத் தட்டினால் அம்மா வேகமாக வந்து திறப்பாள். பார்த்ததும், "ஓ, நீயா" என்பாள். அவ்வளவுதான். பின்னாலேயே அவன் வந்தால், "வந்துட்டியாடா ராசா, ஏன்டா இவ்ளோ நேரம்?" முழங்கால் ஆபரேஷன் ஆகிக் கிடந்தபோது அம்மாவைத் தூக்கி உட்காரவைத்துக் கழுவிவிட்டவன் நான். அவன் வாசற்படியில் சாய்ந்துகொண்டு ஜோக் அடித்தான். அம்மா அவனைப் பார்த்துச் சிரித்தாள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஒரே சொல்லைத் தினமும் கேட்டால் அது காதுக்குள்ளேயே குடியேறிவிடுகிறது.

ஒரு நாள் சாயங்காலப் படங்களில் அவன் முதுகு வந்தது. மூட்டை என்று அழுத்தினேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. மறுநாளும் அழுத்தினேன். குனிந்து, பக்கவாட்டில், பாதி மறைந்து, எப்படி வந்தாலும் மூட்டைதான். ரோபோ நின்று கேட்பது குறைந்தது. வேலை தடங்கலில்லாமல் நடக்கிறது என்று ஆலையில் சந்தோஷப்பட்டார்கள். மேலாளரே போன் செய்து பாராட்டினார்.

பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது தம்பி சொன்னான். "அண்ணே, இன்னைக்கு அந்த மெஷின் என் கோட்டப் புடிச்சுத் தூக்கப் பாத்துச்சுண்ணே. உதறிட்டு ஓடியாந்துட்டேன்." அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "டேய் பெரியவனே, நீதானே அதுக்குச் சொல்லிக் குடுக்கறே? தம்பியப் பாத்துக்கடா." என்னிடம் எதையும் கேட்டுப் பழகாதவள், அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நான் பாத்துக்கறேம்மா" என்றேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ரோபோவுக்காவது கண் உண்டு. பிரஸ்ஸுக்கு அது கிடையாது, அதற்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுப்பதும் இல்லை. பேப்பரிலிருந்து அவனைப் பிரித்தெடுக்க வெகுநேரம் ஆனதாம். ஈரப் பேப்பரைப் பிரிப்பதில் கை தேர்ந்தவன் அவன் ஒருவன்தானே.

எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அம்மா ஓடி வந்து திறந்தாள். "ஓ, நீயா" என்றாள்.

நான் படங்களுக்குப் பெயர்தான் வைத்தேன் சார், தூக்கிப் போட்டது மெஷின். இதையே காலையிலிருந்து சொல்கிறேன், நீங்கள் நம்பவில்லை. இப்போது மேஜைமேல் ஒரு படத்தை வைக்கிறீர்கள். ஆமாம், இதைப் பார்த்திருக்கிறேன். அன்று அது என்னைக் கேட்டது. அவனைப் பிடித்துத் தூக்கிய பிறகு சந்தேகம் வந்து நின்றிருக்கிறது. தொப்பி விலகி, முகம் முழுசாகத் தெரிகிறது. இந்த முறை அவன் உதறக்கூட இல்லை. சிரித்துக்கொண்டே எனக்குக் கையாட்டுகிறான்.

யோசிக்க நேரம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்லும்வரை அது அசையாதே. மூட்டை என்று அழுத்தினேன். என் நிலைமையையும் கொஞ்சம் பாருங்கள், சார். இத்தனை நாள் மூட்டை என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு மட்டும் ஆள் என்றால் அது குழம்பிப் போகாதா? அப்புறம் அதுவும் என் பேச்சை மதிக்குமா?